பயிற்சி நிலையத்தின் மூன்று சாவிகள்

கேள்வி இதுதான்: “விவசாயம், கால்நடை, மீன்பிடி, காடு சார்ந்த வேலைகளுக்குப் பயிற்சி தரும் நிலையம் ஒன்றின் ஆட்சிக்குழுவில் சேரச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எனக்குக் கணக்கு வழக்கு தெரியும், மாடு தெரியாது. இப்படிப்பட்ட நிலையங்களை யார் வழிநடத்துவது சரி? அரசா, தொழில்துறையா, கல்வியாளர்களா? உறுப்பினராக நான் எதைக் கவனிக்க வேண்டும்?”

மாடு தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள் பாருங்கள், அதிலேயே பாதிப் பேரைவிட முன்னால் நிற்கிறீர்கள். இந்தக் குழுக்களில் தெரியாதவர்களால் பெரிய கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் தெரிந்துகொண்டதை இன்றைக்கும் நடப்பாக நினைப்பவர்களால்தான் வரும். நானும் கொஞ்ச காலம் அந்த ரகமாகத்தான் இருந்தேன். இரண்டு பயிற்சி நிலையங்களின் ஆட்சிக்குழுவில் உட்கார்ந்திருக்கிறேன், அதில் ஒன்றில் தலைவராகவும். அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

‘யார் நடத்துவது’ என்பதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். முதலில் நடத்துவதற்கு என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். எந்தத் தொழிற்பயிற்சியிலும் மூன்று சாவிகள் உண்டு. என்னென்ன தெரிந்தால் ஒருவர் தேறியவர் என்று முடிவு செய்வது ஒரு சாவி. பணம் எங்கிருந்து, எந்தக் கணக்கில் வரும் என்பது இன்னொன்று. எந்த நாளில், எந்த நேரத்தில் கற்றுக்கொடுப்பது என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் போட்டாபோட்டி நடக்கும். மூன்றாவதை யாரும் கேட்கவே மாட்டார்கள். அது அலுவலகத்தில் கால அட்டவணை போடுகிறவரின் மேஜை இழுப்பறைக்குள் கிடக்கும். வெல்டிங் பயிற்சியில் இது பரவாயில்லை, எந்த மாதத்திலும் இரும்பு ஒட்டும். பசு ஈனும்போதுதான் ஈற்றுப் பார்க்கக் கற்க முடியும். மீன் வரும் காலத்தில்தான் வலையின் கனம் தெரியும். கவாத்துக்கு உரிய பருவம் போய்விட்டால் அடுத்த வருடம்தான்.

நான் குழுவில் சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு பால்பண்ணைக்குப் போயிருந்தேன். எங்கள் நிலையத்தின் மாணவன் ஒருவன் அங்கே வேலை பழகிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவனுக்குக் கறவை மதிப்பீடு. மதிப்பீட்டாளர் காலை பத்து மணிக்குக் காரில் வந்து இறங்கினார். கறவை ஆறரைக்கே முடிந்துவிட்டது. கொட்டில் கழுவிக் காய்ந்துகொண்டிருந்தது, மாடுகள் மேய்ச்சலில். என்ன செய்வது? பையனை மாடு நிற்கும் காலி இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையுறை போடச் சொல்லி, ‘இப்போது மாடு இருப்பதாக வைத்துக்கொள்’ என்றார். பையன் காற்றில் மடியைத் துடைத்தான். இல்லாத காம்பிலிருந்து முதல் பீச்சுப் பாலை எடுத்து, கட்டி இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் உள்ளங்கையைப் பார்த்தான். மடிநோயை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்ற கேள்விக்குப் புத்தகத்தில் இருந்தபடியே பதில் சொன்னான். படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தது. பண்ணைக்காரர் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கக்கூட இல்லை.

அடுத்த கூட்டத்தில் அந்த மதிப்பீடு ‘நிறைவு’ என்ற பச்சைக் கட்டமாக எங்கள் முன்னால் வந்தது. மதிப்பீட்டாளர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குப் பயணப்படி காலை எட்டு மணிக்குப் பிறகுதான் கணக்கு. முதல் நாள் இரவே போய்த் தங்குவதற்கு விதியில் இடம் இல்லை. அந்த விதியை அங்கீகரித்தது யார்? எங்கள் குழுதான். செலவுக் குறைப்பு என்ற தலைப்பில், இரண்டு நிமிடத்தில், கேள்வியே இல்லாமல் நிறைவேற்றியிருந்தோம். நிறுவனத்தை வழிநடத்துவதை ஆட்சிமை என்று பெரிய சொல்லாகச் சொல்கிறோமே, அது கீழே போய்ச் சேரும்போது இப்படித்தான் இருக்கும்: பயணப்படி விதி ஒன்று, காலிக் கொட்டில் ஒன்று.

இதைப் பழைய ஆட்கள் புரிந்துதான் வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் 1917-இல் வந்த ஸ்மித்–ஹியூஸ் சட்டம் பள்ளிகளில் தொழிற்கல்விக்கு மத்திய அரசு பணம் தருவதற்கான ஏற்பாடு. விவசாயப் பாடத்துக்குப் பணம் வேண்டுமானால், மாணவனுக்கு வருடத்தில் குறைந்தது ஆறு மாதம் மேற்பார்வையோடு கூடிய பண்ணை வேலை இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்தப் பண்ணை பள்ளியுடையதாக இருக்கலாம், வேறு யாருடையதாகவும் இருக்கலாம். பணத்தின் சாவியை நாள்காட்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்த வேலை அது. பிரான்ஸில் 1935-இல் செரிஞாக்–பெபுடு என்ற சிற்றூரில் கிரனெரோ என்ற பாதிரியார் நான்கு விவசாயப் பையன்களை வைத்து ஆரம்பித்தது இன்னொரு வழி. பையன்கள் பெரும்பாலான நாட்கள் வீட்டு நிலத்தில் வேலை செய்தார்கள், இடையிடையே சில நாட்கள் அவரிடம் வந்து தங்கிப் படித்தார்கள். பள்ளிக்காகப் பண்ணையை விட வேண்டாம், பண்ணைக்காகப் பள்ளியையும் விட வேண்டாம். அதிலிருந்து வளர்ந்த ‘கிராமக் குடும்ப இல்லங்கள்’ இன்றும் பிரான்ஸ் முழுக்க இருக்கின்றன, வேறு பல நாடுகளுக்கும் பரவியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் நிர்வகிப்பது மாணவர்களின் குடும்பங்கள் சேர்ந்த ஒரு சங்கம். அறுவடை வாரத்தில் வகுப்பு வைக்கலாமா என்று அங்கே யாரும் நிபுணரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை. குழுவில் உட்கார்ந்திருப்பவரின் வயலில்தான் அறுவடை.

சரி, இனி உங்கள் ‘யார்’ கேள்விக்கு வருகிறேன். உலகத்தில் எல்லா விதமாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பிரான்ஸில் விவசாயக் கல்வி கல்வி அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை, விவசாய அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அயர்லாந்தில் 1988-இல் ‘டீகாஸ்க்’ என்ற ஒரே அமைப்பை உண்டாக்கி, ஆராய்ச்சி, விவசாயிகளுக்கான ஆலோசனை, பயிற்சி மூன்றையும் அதனிடம் கொடுத்தார்கள். இந்தியாவில் 1974-இல் புதுச்சேரியில் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கியது, இன்று எழுநூறுக்கும் மேல் இருக்கின்றன. பல்கலைக்கழகமோ, ஆராய்ச்சி நிறுவனமோ, தொண்டு நிறுவனமோ நடத்தும், ஆனால் ஒவ்வொன்றிலும் விவசாயிகளும் உட்காரும் அறிவியல் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியின் ஏற்பாடு. அது முழுமையானது என்பதற்காக இல்லை, யாரிடம் எந்தச் சாவி என்பது அங்கே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக. 1969-இல் வந்து 2005-இல் புதுப்பிக்கப்பட்ட தொழிற்பயிற்சிச் சட்டப்படி, பயிற்சியை மேற்பார்வையிடும் ஒவ்வொரு அமைப்பிலும் ஒரு தொழிற்பயிற்சிக் குழு இருக்க வேண்டும்: முதலாளிகள் தரப்பில் ஆறு பேர், தொழிலாளர் தரப்பில் ஆறு பேர், தொழிற்பள்ளி ஆசிரியர்கள் ஆறு பேர். ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் ஆலோசனை வாக்குதான். பள்ளிப் பகுதியை நேரடியாகத் தொடும் சில முடிவுகளில் மட்டும் முழு வாக்கு. மாநிலத்தைப் பொறுத்து, விவசாயத்துக்கு இந்த மேற்பார்வை அமைப்பாக விவசாயச் சபை இருக்கும், இல்லையென்றால் அரசு அலுவலகம். அதே சட்டத்தில் ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது, எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். விவசாயத் தொழில்களில் ஒரு பண்ணை பழகுநரை எடுக்க வேண்டுமானால், அந்தப் பண்ணை பயிற்சி இடமாக முறைப்படி அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பெரும்பாலான தொழில்களில் பொதுவான தகுதி போதும். இங்கே ஏன் தனி அங்கீகாரம்? பழகுநர் அங்கேயே தங்குகிறார், சாப்பிடுகிறார், விடியலுக்கு முன் எழுகிறார். சுற்றி இயந்திரமும் விலங்கும் விஷ மருந்தும். பக்கத்தில் பார்க்கும் கண் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

விவசாயம், மீன்பிடி, காடு போன்ற முதன்மைத் துறைப் பயிற்சியில் உண்மையான வகுப்பறை யாரோ ஒருவரின் பண்ணை, யாரோ ஒருவரின் படகு. அங்கே நிற்கும் உரிமையாளரோ மேஸ்திரியோதான் உண்மையான ஆசிரியர். தலைமை என்று நாம் பேசுவதெல்லாம் அந்த ஆள் வரைக்கும் எட்டவில்லை என்றால் காகிதத்தோடு நின்றுபோகும். சுவிட்சர்லாந்தில் விவசாயப் பழகுநர்கள் வருடத்துக்கு ஒரு பண்ணை என்று மாறுவது வழக்கம். பல வகைப் பண்ணைகளைப் பார்ப்பது முதல் நன்மை. நான் கணக்கில் எடுப்பது அதற்கு அடுத்த நன்மையை: ஒரு மோசமான உரிமையாளரிடம் மாட்டிக்கொண்டாலும் மூன்று வருடமும் அவரோடேயே போய்விடாது.

சுரங்கம், பெரிய தோட்டங்கள், ஏற்றுமதி மீன்பிடிக் கப்பல்கள் இவற்றைச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன். அங்கே முதலாளிகள் பெரியவர்கள். பயிற்சிக்கென்று தனி ஆள் வைத்திருப்பார்கள், பாதுகாப்பு விதிகள் வெளியிலிருந்தும் வரும். உதாரணமாக, 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள மீன்பிடிக் கப்பல்களின் பணியாளர் பயிற்சிக்கு 1995-இல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் உருவானது, 2012-இல் நடைமுறைக்கு வந்தது. தரத்தின் சாவி அங்கே கடல் தாண்டி இருக்கிறது. சிக்கலெல்லாம் சின்ன இடத்தில்தான்: இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் குடும்பப் பண்ணை, ஒற்றைப் படகு. அவர்களுக்குக் கூட்டத்துக்கு வர நேரம் இருக்காது. ‘தொழில்துறையின் குரல்’ என்று உங்கள் மேஜையில் கேட்பது பெரும்பாலும் சங்கப் பொறுப்பாளரின் குரல், இல்லாவிட்டால் பால் வாங்கும், மரம் வாங்கும், மீன் பதப்படுத்தும் நிறுவனத்தின் குரல். கெட்ட குரல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுக்கு வேண்டியது அடுத்த மாதம் வேலைக்கு ஆள். பையனுக்கு வேண்டியது நாற்பது வருடத்துக்குச் சோறு போடும் தொழில். பாடத்திட்டம் விவாதிக்கும்போது இந்த இரண்டும் மோதும். மோதாமல் ஒரு கூட்டம் சுமூகமாக முடிந்தால் இரண்டில் ஒரு தரப்பு அறையிலேயே இல்லை என்று பொருள். பெரும்பாலும் இல்லாதவர்கள் தொழிலாளர்கள், பெண்கள், வெளியூரிலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள், முக்கியமாக இப்போது பழகிக்கொண்டிருக்கிறவர்கள்.

இப்போது பணம். உங்கள் பலம் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நியூசிலாந்தில் டராடஹி என்ற விவசாயப் பயிற்சி நிலையம் இருந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு விவசாயம் கற்றுக்கொடுக்க 1919-இல் தொடங்கியது. 1969-இல் அதற்கென்றே ஒரு சட்டம், சொந்தப் பண்ணைகள், விடுதி, நல்ல பெயர் எல்லாம் இருந்தன. 2017-இல் நாட்டின் தென்கோடியில் இருந்த டெல்ஃபோர்ட் வளாகத்தையும் சேர்த்துக்கொண்டது. 2018 டிசம்பரில் குழுவே முன்வந்து நிலையத்தைக் கலைப்பு நடவடிக்கைக்கு ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அடிப்படைக் கணக்கு எளிமையானது. அரசுப் பணம் மாணவர் தலை எண்ணிக்கைப்படி வரும். செலவு தலை எண்ணிக்கைப்படி இறங்காது. மாணவர் குறைந்தார்கள் என்பதற்காக மாடு கொஞ்சமாகத் தின்னாது, விடுதிக் கூரை குறைவாக ஒழுகாது, டிராக்டர் கடன் தவணை சுருங்காது. சேர்க்கை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தாலும் நிலையான செலவு அப்படியே நின்று கழுத்தைப் பிடிக்கும்.

வகுப்பறை மட்டும் உள்ள கல்லூரி இரண்டு மோசமான சேர்க்கை வருடங்களைத் தாங்கும். பண்ணையோடு உள்ள நிலையம் ஒன்றைத் தாங்கினால் அதிகம். அதிலும் விவசாய விலை நன்றாக இருக்கும் வருடத்தில்தான் சேர்க்கை குறையும், ஏனென்றால் பயிற்சி இல்லாமலே வேலை கிடைக்கும். விலை விழும்போது சேர்க்கை ஏறும், ஆனால் அப்போது உங்கள் பண்ணை வருமானம் விழுந்திருக்கும். ஏறும் இறங்கும் இந்த இரண்டு சக்கரங்களையும் ஒரே தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். தலைமைக் கணக்காளர் வரைந்து காட்டத் திணறினால் உங்கள் வேலை அங்கே ஆரம்பம்.

தொழில்துறையே பணம் போடட்டும் என்ற யோசனை அடிக்கடி வரும். பிரிட்டனில் 1964 தொழிற்பயிற்சிச் சட்டத்தின் கீழ் 1966-இல் விவசாயப் பயிற்சி வாரியம் அமைத்து, முதலாளிகளிடம் தீர்வை என்ற கட்டாயக் கட்டணம் வசூலிக்கப் பார்த்தார்கள். விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள், கடைசியில் தீர்வை கைவிடப்பட்டது. தொழிற்சாலைக்காரருக்குப் பழகுநர் நாளைய ஊழியர். பத்து ஏக்கர்காரருக்கு ஆள் தேவையே இல்லை, சொந்தப் பிள்ளை இருக்கிறான். அவர் ஏன் கொடுப்பார்?

அரசுப் பணமும் மறைமுகமாக வரலாம். அயர்லாந்தில் ‘பச்சைச் சான்றிதழ்’ என்று மக்கள் சொல்லும் விவசாயத் தகுதி இருந்தால், முப்பத்தைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர் நிலம் மாற்றி எழுதும்போது முத்திரை வரியில் சலுகை கிடைக்கும். இளம் விவசாயிகளுக்கான மானியத் திட்டங்களும் அந்தத் தகுதியைக் கேட்டன. 2014, 2015 வாக்கில் அந்தப் படிப்புக்குக் கூட்டம் அலைமோதியது. படித்தவரிடம் நிலம் போக வேண்டும் என்பது நல்ல கொள்கைதான். ஆனால் பயிற்சி நிலையத்தின் குழுவில் இருப்பவர் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் கற்க வந்தாரா, கையெழுத்துக்கு வந்தாரா. சேர்க்கை ஏறியதை நம் நிலையத்தின் பெருமையாக எழுதிக்கொண்டு கட்டடம் கட்ட ஆரம்பித்தால், சலுகை மாறும் நாளில் கட்டடம் மட்டும் மிஞ்சும்.

அப்புறம், பயிற்சிப் பண்ணை. ஒவ்வொரு குழுவிலும் சண்டை வரும் இடம் இது. பண்ணை லாபம் ஈட்ட வேண்டுமா? ‘ஆமாம்’ என்று சொன்னால் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். பண்ணை மேலாளர் நல்ல மனிதர், திறமைசாலி. லாப இலக்கு கொடுத்த வருடத்திலிருந்து விலை உயர்ந்த இயந்திரங்களின் சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாணவர்கள் கையில் மண்வெட்டியும் விளக்குமாறும். விதைப்பு நாளில் ஓட்டுவது அனுபவமுள்ள ஊழியர், மாணவர்கள் வரப்பில் நின்று குறிப்பு எடுப்பார்கள். விதைப்பில் ஒரு வரிசை கோணலாகப் போனால் அவருடைய இலக்கு அடிபடுமே, அவரைக் குறை சொல்ல முடியுமா? ‘லாபம் வேண்டாம், கற்றுக்கொடுத்தால் போதும்’ என்று சொன்ன இடத்தையும் பார்த்திருக்கிறேன். அங்கே வேலி சாய்ந்திருந்தது, மாடுகளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு நோய். மாணவர்கள் கோணலான பண்ணையில் கோணலாகவே கற்றார்கள்.

நாங்கள் கடைசியில் செய்தது ஒரு கணக்கு வேலை. பண்ணைக்கு வணிகக் கணக்கு ஒன்று, கற்பித்தலால் ஏற்படும் இழப்புக்குத் தனிக் கணக்கு ஒன்று. மாணவர் ஓட்டியதால் அதிகமாகச் செலவான டீசல், கறவையில் மெதுவாகப் போன நேரம், உடைந்த கலப்பைக் கொழு இவையெல்லாம் கல்விச் செலவு என்று கல்விப் பகுதி பண்ணைக்குப் பணம் கட்டும். முதல் வருடம் எல்லோரும் முனகினார்கள். ஆனால் மேலாளர் சட்டைப் பையிலிருந்து சாவி வெளியே வந்தது. பயிற்சியாண்டின் முடிவில் கல்விச் செலவுக் கணக்கு மிகவும் குறைவாக இருந்தால், ‘சிக்கனம்’ என்று கை தட்டாமல், மாணவர்கள் இயந்திரத்தைத் தொட்டார்களா என்று விசாரிக்க ஆரம்பித்தோம். மாடு தெரியாத ஒரு கணக்காளர்தான் இந்த யோசனையைக் கொண்டுவந்தார் என்பதையும் உங்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

அமைப்பு மாற்றம் பற்றியும் கேட்பீர்கள், ஏனென்றால் எந்தக் குழுவிலும் புதிதாக வருபவருக்கு முதலில் தோன்றுவது அதுதான். நியூசிலாந்தையே மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். 1992 சட்டத்தின் கீழ் தொழில்வாரியாகப் பயிற்சி அமைப்புகள் வந்தன. 2012-இல் விவசாயத்துக்கும் தோட்டக்கலைக்கும் தனித்தனியாக இருந்தவை ஒன்றாயின. 2020-இல் பதினாறு தொழில்நுட்ப நிலையங்களை ஒன்றுசேர்த்து ‘டெ பூகெங்கா’ என்ற ஒரே தேசிய நிறுவனத்தை உருவாக்கினார்கள், பின்னர் பயிற்சி அமைப்புகளின் வேலையும் அதற்குள் போனது. 2021-இல் தரத்தை நிர்ணயிக்க ஆறு தனிக் குழுமங்கள், அதில் உணவு, நார் தொழில்களுக்கு ஒன்று. ஆட்சி மாறியது, தேசிய நிறுவனத்தைப் பிரிக்க முடிவானது, 2026 தொடக்கத்திலிருந்து குழுமங்களின் இடத்தில் தொழில் திறன் வாரியங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த நேரத்தில் நியாயமான காரணம் சொன்னார்கள், படித்துப் பார்த்தால் எனக்கே சரி என்றுதான் படும். ஆனால் 2019-இல் தோட்டத்தில் பழகச் சேர்ந்த ஒரு பெண், அதே தோட்டத்தில் மேற்பார்வையாளராக உயர்ந்து தன் கீழ் ஒரு பழகுநரைச் சேர்க்கும்போது, யாருக்கு போன் செய்ய வேண்டும் என்பது எத்தனை முறை மாறியிருக்கும்? சின்ன முதலாளி அமைப்புகளின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. மாதம் ஒருமுறை வண்டியில் வந்து போகும் களப் பயிற்றுநரைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார். மேலே என்ன மாறினாலும் அந்த ஆளை மாற்றாமல் வைத்திருக்க முடியுமா என்பதுதான் சீர்திருத்தக் காலத்தில் குழுவுக்கு உள்ள முதல் வேலை.

நிலையத்தின் தலைவரை, முதல்வர் என்று சொன்னாலும் இயக்குநர் என்று சொன்னாலும், தேர்ந்தெடுப்பது உங்கள் குழுவின் மிகப் பெரிய முடிவு. வழக்கமாக இரண்டு பேர் வந்து நிற்பார்கள்: பெயர் பெற்ற ஆராய்ச்சியாளர், பெயர் பெற்ற விவசாயி. இரண்டு பேருமே சரிப்படாமல் போகலாம். எனக்குத் தெரிந்து நன்றாக நடத்தியவர்கள் கொஞ்சம் மங்கலான பின்னணி உள்ளவர்கள். விவசாயிகளிடம் நேரில் போய்ப் புதிய முறைகளைச் சொல்லும் விரிவாக்க வேலை பார்த்தவர்கள், தொழிற்பள்ளியில் பல வருடம் ஓட்டியவர்கள். ஒரு விவசாயியின் முற்றத்தில் அரைமணி நேரம் வேறு எதையோ பேசிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் வந்த விஷயத்தைச் சொல்லத் தெரிந்தவர்கள். அதே ஆளுக்கு அமைச்சக அதிகாரியிடம் இரண்டு பக்கத்தில் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். கிடைத்துவிட்டால் குறைந்தது ஐந்தாறு வருடம் விடுங்கள். பாடத்தை மாற்றி, அதில் ஒரு தொகுதி படித்து முடித்து, வேலையில் இரண்டு பருவம் நின்று பார்த்தால்தான் செய்தது சரியா என்றே தெரியும். மூன்று வருடத்தில் ஆளை மாற்றுகிற குழு, முளைத்ததா என்று தினமும் விதையைத் தோண்டிப் பார்க்கும் வேலையைத்தான் செய்கிறது.

குழுவும் தன் எல்லையைக் காக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் டிராக்டர் வாங்கலாம் என்று நாங்கள் ஒருமுறை இரண்டு மணி நேரம் பேசினோம். உறுப்பினர்களில் நான்கு பேர் விவசாயிகள், நான்கு பேருக்கும் ஒவ்வொரு நிறத்தில் டிராக்டர். வரவு செலவுத் திட்டத்துக்குக் கடைசியில் பத்து நிமிடம் மிஞ்சியது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. டிராக்டர் நிறம் மேலாளர் வேலை. ஆனால் டிராக்டர் விற்கும் நிறுவனத்தோடு குழுவில் யாருக்காவது தொடர்பு இருக்கிறதா என்பது குழுவின் வேலை. இந்தத் துறையில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு விதத்தில் தொடர்புடையவர்கள். உறுப்பினரே பழகுநரை வைத்திருப்பார், அதற்கு உதவித்தொகையும் வாங்குவார். தொடர்பே இல்லாத ஆள் வேண்டும் என்று தேடினால் தொழில் தெரியாதவர்கள் மட்டுமே கிடைப்பார்கள். தொடர்பைப் பதிவேட்டில் எழுதுவது, அந்த விஷயம் வரும்போது எழுந்து வெளியே போவது, இந்த இரண்டையும் வெட்கப்படாமல் செய்யும் பழக்கம் இருந்தால் போதும்.

கடைசியாக, கூட்டத்தில் என்ன கேட்பது. சேர்க்கை எண்ணிக்கையும் தேர்ச்சி எண்ணிக்கையும் கேட்காமலே வந்துவிடும், அவை பச்சையாகவே இருக்கும். எங்கள் குழுவில் ஒரு வயதான படகுக்காரர் இருந்தார். முதல் இரண்டு கூட்டம் வாயே திறக்கவில்லை. மூன்றாவது கூட்டத்தில் பயிற்சித் திட்டம் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பையன் முதல் தடவை வலை இழுக்கும் விஞ்சுப் பக்கத்தில் கை வைக்கும்போது பக்கத்தில் யார் நிற்பார்கள்? அவர் பெயர் என்ன?” அறையில் யாருக்கும் பதில் தெரியவில்லை. விவசாயமும் காடும் மீன்பிடியும் உலகத்திலேயே அதிகமாக ஆள் சாகும் தொழில்களின் வரிசையில் இருப்பவை. மரம் வெட்டும் சங்கிலி ரம்பம், டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டு, வலை இழுக்கும் விஞ்சு, இவை மூன்றும் புதியவருக்கு இரண்டாவது வாய்ப்புத் தருவதில்லை. அன்றிலிருந்து விபத்து அறிக்கையை அஜெண்டாவின் கடைசியிலிருந்து முதல் இடத்துக்கு மாற்றினோம். அடிபட்டவை மட்டும் போதாது, நூலிழையில் தப்பியவையும் வர வேண்டும் என்றோம். அந்தப் பட்டியல் காலியாக வந்தால் நாங்கள் சந்தோஷப்படவில்லை. யாரும் சொல்வதில்லை என்றே எடுத்துக்கொண்டோம்.

நீங்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: போன வருடம் எத்தனை பண்ணைகளைப் பயிற்சி இடப் பட்டியலிலிருந்து நீக்கினீர்கள்? பூஜ்யம் என்று பதில் வந்தால், எல்லாப் பண்ணையும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றே அர்த்தம். படித்து முடித்தவர்கள் ஒரு வருடம் கழித்தும் மூன்று வருடம் கழித்தும் அதே தொழிலில் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் பயிற்சி மோசம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். கூலி குறைவாக இருக்கலாம், தங்குமிடம் சகிக்காமல் இருக்கலாம். அதை எந்தப் பாடத்திட்டமும் சரி செய்யாது. அப்படியானால் குழு முதலாளிகளிடம்தான் பேச வேண்டும், ஆசிரியர்களிடம் பேசிப் பயனில்லை.

முதல் கூட்டத்துக்கு முன்னால் மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தணிக்கையாளர் கடந்த மூன்று வருடம் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதங்கள் ஒன்று. பயிற்சிப் பண்ணை நிலம் யார் பெயரில் இருக்கிறது, குத்தகை என்றால் எந்த வருடம் முடிகிறது என்று காட்டும் ஆவணம் இன்னொன்று. மூன்றாவது, இந்த வருடத்தின் கால அட்டவணை. அதை எடுத்துக்கொண்டு பயிற்சி தரும் பண்ணைக்காரர் ஒருவரிடம் நேரில் போய், ஈற்று, விதைப்பு, அறுவடை நாட்களை அவர் கையாலேயே அதன்மேல் குறிக்கச் சொல்லுங்கள். விடிகாலையில் போங்கள், பத்து மணிக்குப் போனால் கொட்டில் காலியாக இருக்கும்.